அமைதி மூலைக்கு வந்த சாமி

செங்கத்தில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். நான் வரைந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவனை நம்பி, ஜவ்வாது மலையில் ஓர் ஊருக்கு விளையாட்டுப் பூங்கா வரைந்து தரச் சொன்னார்கள். சத்தம், கூட்டம், வெளிச்சம் தாங்க முடியாத குழந்தைகளும் மற்ற பிள்ளைகளோடு அங்கே வந்து விளையாட வேண்டும். அதற்காக நிறையப் படித்தேன். படித்ததில் மனதில் தங்கியது ஒன்றுதான். மிரண்டுபோன குழந்தை ஒதுங்கி உட்காரச் சின்னதாக ஒரு மறைவிடம் வேண்டும். கல்யாண வீடுகளில் எனக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

வரைபடத்தில் அதற்கு ‘அமைதி மூலை’ என்று பெயர் போட்டேன். மூன்று பக்கமும் மலைக்கல். மேலே ஒரு பலகைக்கல். குழந்தை குனிந்து நுழையும்படி வாசல். மதிய வெயில் படாமலிருக்கக் கிழக்குப் பார்த்து வைத்தேன். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும், அது பார்வைக்கு என்னவாக இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஊரில் பேச்சு வராத சிறுமி ஒருத்தி இருந்தாள். முதல் நாள் ஊஞ்சல் பக்கம் பிள்ளைகள் கூச்சலிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். பிறகு அவளாகவே அந்தக் கல்லுக்குள் தவழ்ந்துபோய், குளிர்ந்த சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய முனகல், பாட்டு மாதிரி.

“வூட்ல கூட இவ இப்டி குந்துனதில்ல சார்” என்றாள் அவளுடைய அம்மா. நான் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த முனகல்தான் வினையாயிற்று. அலறுகிற பெண்ணையே அடக்கிய இடம் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த முறை நான் மலையேறியபோது கல்லுக்கு மஞ்சள் பூசி, உள்ளே அகல் ஏற்றியிருந்தார்கள். கீழே சந்தவாசல் ஊரிலிருந்து புளி வாங்க வருகிற வியாபாரி ஒருவர், வேண்டுதல் பலித்ததென்று வாசலில் வெண்கல மணி கட்டியிருந்தார். கும்பிட வந்தவர்கள் எல்லாரும் அதை அடித்தார்கள். சிறுமி தூரத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முதலில் மஞ்சள் பூசியவர் யாரென்று விசாரித்தேன். கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். சாமை விதைக்கிறவர், என் வயதுக்காரர்.

“வெளையாடற எடத்துல கோயில் கட்டலாமாங்க?”

“நாங்க எங்க கட்னோம்? நீங்கதான கட்டிக் குடுத்தீங்க. உள்ள சாமி வைக்காம போய்ட்டீங்களேன்னுதான் கொஞ்சம் வருத்தம்.”

“அந்தப் பொண்ணு உட்கார்றதுக்குக் கட்டினதுங்க.”

“அவளுக்குப் பேச்சு வரணும்னுதான் நாங்களும் கும்புடறோம்.”

மணியையாவது கழற்றிவிடலாமே என்றேன்.

“கழட்டுங்களேன். ஏணிகூட வாணாம். குனிஞ்சா கைக்கு எட்டும், நீங்க வரைஞ்ச வாசல்தான.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனியவில்லை. எனக்கு இடுப்பு வலி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வலித்தது இடுப்பு இல்லை.

சிறுமியின் அம்மாவிடம், வேறொரு மூலை கட்டித் தருகிறேன் என்றேன்.

“அதுக்கும் மஞ்ச பூசிடுவாங்க சார். நானே இங்க வெளக்கு ஏத்தறேன். ஏத்தாம வுட்டு நாளைக்கி இவளுக்கு ஒண்ணு ஆயிட்ச்சுன்னா, என்னியதான் சொல்வாங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் யாரோ மணியை அடித்தார்கள். சிறுமி ஓடிவந்து அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். முந்தானைக்குள் ஒளிகிற வயதைத் தாண்டி வளர்ந்துவிட்டவள். புடவை முதுகு வரைக்கும்தான் மூடியது. அம்மா முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்தத் தலையைக் கையால் அணைத்தபடி அசையாமல் நின்றாள்.

மணி ஓயவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றேன்.

“பஸ்சு போய்டும் சார். அப்பறம் வண்டி இல்ல. நீங்க கெளம்புங்க” என்றாள், குரலைத் தாழ்த்தி.

கிளம்பிவிட்டேன்.