கமலா உட்கார்ந்திருந்த பக்கம்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் விரிசல் தேடுவது என் வேலை. சூளையிலிருந்து வந்த கோப்பைகளைப் பலகையில் அடுக்கி வைப்பார்கள். மயிரிழைக் கீறல், கரும்புள்ளி, நெளிந்த விளிம்பு எது இருந்தாலும் எடுத்து ஒதுக்க வேண்டும். பல வருடப் பழக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, மேஸ்திரி என் பலகையருகே நின்றுவிட்டார்.

“என்னய்யா, இந்தப் பக்கம் பூரா வுட்டுட்டியே. நாலு கோப்பை கீறல் வுட்டிருக்குது.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். அவர் விரல் நீட்டிய இடம் எனக்குத் தெரியவில்லை. வீம்புக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன். விடிந்ததிலிருந்து தலை வலித்துக்கொண்டிருந்தது. எழுந்தபோது இடது கால் இழுத்துக்கொண்டது. அப்படியே சரிந்தேன்.

புதுச்சேரியில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். கை கால் சில நாள்களில் கொஞ்சம் அசைந்தன. என்னை வாட்டியது வேறு. என் மனைவி கமலா வரவேயில்லை.

சில சமயம் அவள் குரல் கேட்கும். வலப்பக்கம் திரும்புவேன். அங்கே அடுத்த கட்டிலில் மங்கலம்பேட்டை பாய் ஒருவர் படுத்திருப்பார். பிரமை என்று கண்ணை மூடிக்கொள்வேன். யாரோ கஞ்சி புகட்டினார்கள். நர்ஸ் என்று நினைத்தேன்.

ஒரு மாலை பாயிடம் சொன்னேன். “எனக்கு யாரும் இல்லீங்க பாய். பொண்டாட்டிகூட வந்து எட்டிப் பாக்கல.”

அவர் எனக்கு அப்பால் எதையோ பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்று விடாமல் தேடி, ஒவ்வொன்றின் மேலும் குறுக்குக் கோடு போடச் சொன்னார். போட்டேன். “முடிஞ்சிதுங்க.” அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது வலப்பக்கம் வந்த பாதியில் நான் தொடாத கோடுகள் கூட்டமாக இருந்தன.

“இத எப்ப போட்டீங்க?”

“முன்னாடியே இருந்ததுதாங்க. உங்க கண்ணு நல்லா இருக்குது. தேடும்போது எங்கெங்க பாக்கணும்னு கண்ணை அனுப்புறது மூளை. அது இப்ப இடது பக்கம் அனுப்ப மாட்டேங்குது.”

இதை ஒருபக்கப் புறக்கணிப்பு (ஒரு பக்கத்து உலகத்தை மூளை கவனிக்காமல் விடுவது) என்றார். இருட்டோ திரையோ எதுவும் இல்லை. எனக்கு உலகம் முழுசாகத்தான் இருந்தது. அதில் இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லை.

பிறகு அவர் யாரையோ வலப்பக்கம் வரச் சொன்னார். கசங்கிய பச்சைப் புடவையில் கமலா வந்து நின்றாள்.

“எப்ப வந்த?”

“நா எங்கங்க போனேன்? ஒம்பது நாளா உங்க பக்கத்துலதான குந்திக்கிட்டு இருக்கேன்.”

முந்தின மாலை நான் பாயிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அன்று அவள் பேசவில்லை. பிறகும் பேசியதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் தட்டில் பாதியை மட்டும் தின்றுவிட்டு இன்னும் சோறு கேட்டால், அழைத்தும் திரும்பாவிட்டால், கோபப்படாதீர்கள். முதலில் அவருடைய நல்ல பக்கம் போய் நில்லுங்கள். மருத்துவர் சொன்னபடி கமலா செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டுவாள். அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் நான் படிக்கத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் அப்படிப் பழகினேன்.

தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனபோது மேஸ்திரி ஒரு பலகையைக் கொடுத்துப் பார்த்தார். கீறல் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அந்த ஒரு பலகைக்கே மதியமாகிவிட்டது.

“வேலை சுத்தம்தான்யா. இவ்ளோ நேரம் ஆனா எப்பிடி?” என்றார் வருத்தமாக. கோப்பைகளை வைக்கோல் வைத்துக் கட்டும் இடத்துக்கு என்னை அனுப்பினார்.

முன்பு ஒரு பார்வையில் கிடைத்த உலகம் இப்போது தவணை முறையில் வருகிறது. கடைத்தெருவைக் கடக்க வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை நினைத்து, பிறகு அங்கே பார்க்கிறேன். அதற்குள் உடன் வந்தவர்கள் எதிர்ப்புறம் போய்விடுகிறார்கள்.

காலையில் விழித்ததும் எழுந்துவிட முடிவதில்லை. இடது கை எங்கே கிடக்கிறது என்று வலது கையால் துழாவுகிறேன். அகப்படும்போது முதலில் அது வேறு யாருடையதோ போல் இருக்கிறது, குளிர்ந்து, கனத்து. என் கைதான் என்று தெரியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.