மிச்சம் மூன்று ரவுண்டு

எந்தத் தராசில் ஏறுவதானாலும் முத்துக்குமாரு முதலில் சட்டைப் பையைக் காலி செய்வார். பேனா, சாவிக்கொத்து, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி. வயதான பிறகு பல்செட்டும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் தாதி வள்ளியம்மா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

"அங்கிள், கண்ணாடி என்ன ஒரு கிலோவா லா? அப்படியே ஏறுங்க."

"இருக்கிறது மட்டும் ஏறட்டும், பிள்ளை."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி மீனலோசனி அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொள்வாள். காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் காரணத்தை ஊசி நூல் கொண்டு தைத்தவளும் அவளே.

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம், 1943. முத்துக்குமாரு ரயில்வே சரக்குக் கொட்டகையில் எடை குமாஸ்தா. மூட்டைகள் தராசில் ஏறும். அவர் முள்ளைப் பார்த்து எழுதுவார். அவர் எழுதிய எடையை யாரும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் குத்துச்சண்டை. யுத்தத்துக்கு முன்பு வெல்டர்வெயிட்டில் அவருக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. நூற்று முப்பத்தைந்து பவுண்டுக்கு மேல், நூற்று நாற்பத்தேழுக்குள் இருப்பவர்களின் வகுப்பு அது. நல்ல காலத்தில் அவர் நூற்று நாற்பத்தேழுக்குள் அடங்குவதற்காக இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். இப்போது மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. காலையில் கொட்டகைத் தராசில் ஏறினால் முள் நூற்று முப்பதில் நின்றுவிடுகிறது.

அந்த வாரம்தான் கேளிக்கைப் பூங்காவில் பந்தயம் நடத்தும் ராதாகிருஷ்ணன் வந்து சொன்னார்: "வெல்டர்வெயிட்டு, ஆறு ரவுண்டு. கிள்ளான்லேருந்து அய்யூப்னு ஒரு பையன் வரான். நோட்டுக்கட்டு எல்லாம் இல்ல, ஜெயிச்சா இருபது காட்டி அரிசி."

இருபது காட்டி! பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. கிழங்கு தின்று தின்று மீனலோசனிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

"வெயிட்டு கரெக்டா இருக்கணும், அண்ணே," என்றார் ராதாகிருஷ்ணன். "கொறஞ்சா வேற ஆளப் போட்டுருவேன். லைட்வெயிட்டுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

சரக்கு வேகன்களின் கதவைப் பூட்டி ஈய முத்திரை வைப்பார்கள். வெட்டி எடுத்த பழைய முத்திரைகள் கொட்டகை மூலையில் ஒரு டின்னில் கிடக்கும். முத்துக்குமாரு அதிலிருந்து சரியாக ஆறு பவுண்டு நிறுத்து, துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். திருட்டில்கூட எடை பிசகவில்லை.

"இதை இடுப்புப் பட்டியா தைச்சுத் தாரும்."

மீனலோசனி முத்திரைகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஊருக்கெல்லாம் நிறுத்துக் குடுக்கிற மனுசன் நீங்கள். நீங்களே இப்பிடிச் செய்யலாமோ?"

"பிள்ளைக்குப் பால் இல்லை எண்டு நேற்று நீர்தானே அழுதனீர்?"

"அழுதனான்தான். அதுக்கு ஈயத்தைக் கட்டிக்கொண்டு போங்கோ எண்டோ சொன்னனான்?" சொல்லிக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

திட்டம் எளிமையானது. எடை பார்ப்பது மத்தியானம், பந்தயம் சாயங்காலம். காற்சட்டைக்குள் மறைத்துக் கட்டும் பட்டியை இடையில் கழற்றிவிடலாம். அரைமணி நேரப் பொய்தானே என்று முத்துக்குமாரு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்க்கு நேரக் கணக்கு உண்டா என்ற கேள்வியும் கூடவே வந்தது. குழந்தையின் அழுகை அதை அமுக்கிவிட்டது.

ஆனால் அன்று மத்தியானம் தராசு வரவில்லை. பாசார்ச் சந்தையில் கடை கட்டும் வரை கொடுக்க முடியாது என்று தராசுக்காரர் சொல்லிவிட்டாராம். "லோரி வருது, லோரி வருது," என்று ராதாகிருஷ்ணன் வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார். கூட்டம் கூடிவிட்டது. நேரத்தை மிச்சப்படுத்த இருவருக்கும் கையுறையை மாட்டி முடிச்சும் போட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் தராசு வந்திறங்கியது, மேடைக்குப் பக்கத்திலேயே, எல்லார் கண் முன்னாலும்.

அய்யூப் ஏறினான். நூற்று முப்பத்தெட்டு. "சாப்பாட்டுக் கடையில வேல, அண்ணே," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வடிச்ச கஞ்சி கெடைக்கும்." முத்துக்குமாரு ஏறினார். நூற்று முப்பத்தாறு. இறங்கியதும் அப்படியே மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிச்சுப் போட்ட கையுறைக்குள் விரல்கள் மாட்டிக்கொண்டிருந்தன. பட்டியை அவிழ்க்க இன்னொருவர் கை வேண்டும். அதைக் கேட்க வாய் வேண்டும்.

ஈயத்தைச் சுமந்துகொண்டே ஆடினார். முதல் இரண்டு ரவுண்டில் அவருடைய கால் சேற்றில் நடப்பதுபோல் நடந்தது. "அண்ணனுக்குத் தூக்கம் வருது, பாய் போடு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அய்யூப் சுற்றிச் சுற்றி வந்து அடித்தான். மூன்றாவது ரவுண்டு முடியப் போகும் நேரம், இடைவெளி கிடைத்ததென்று தன் பலத்தையெல்லாம் வலது கையில் திரட்டி வயிற்றில் இறக்கினான். குத்து பட்டியின் மேல் விழுந்தது.

முத்துக்குமாருவுக்கு மூச்சு நின்று திரும்பியது. அய்யூப்புக்குக் கை போய்விட்டது.

மணி அடித்தது. நாலாவது ரவுண்டுக்கு அவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. முத்துக்குமாரு ஜெயித்ததாக அறிவித்தார்கள். கை குலுக்க வந்தபோது அய்யூப் அவர் இடுப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: "நல்ல கெட்டியான வயிறுண்ணே, உங்களுக்கு."

அன்று வீட்டில் சோறு பொங்கியது. மீனலோசனி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். குழந்தை நாலு நாளில் அழுகையைக் குறைத்தது. முத்துக்குமாருவுக்குச் சோறு தொண்டையில் இறங்கியது, இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் திங்கட்கிழமை முத்திரைகளை டின்னில் போட்டபோது தராசைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மிச்சமிருந்த அரிசியில் பத்துக் காட்டியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார். சாப்பாட்டுக் கடையில் அய்யூப் வலது கையில் கட்டுடன், இடது கையால் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான். பாதி டம்ளரில், பாதி மேசையில்.

"தம்பி, நான் செய்தது பிழை. இடுப்பில ஈயம் கட்டியிருந்தனான். வீட்டில பச்சைப் பிள்ளை." பையை நீட்டினார்.

அய்யூப் பதில் சொல்வதற்குள் அவன் உம்மா முத்து பீவி வந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அய்யூப்புக்குச் சிரிப்பு வந்தது.

"உம்மா அரிசிய எடுத்துக்கிட்டாங்க, அது வேற. பந்தயம் வேற. ஆறு ரவுண்டுன்னு பேச்சு. மூணுதான் ஆச்சு. மிச்சம் மூணு உங்க கணக்குல நிக்குது. கை சரியாகட்டும். அப்ப வெறும் வயித்தோட வாங்க."

"வாறன், தம்பி. சத்தியம்."

சத்தியம் செய்தாரே தவிர, ஆட முடியவில்லை. அய்யூப் கை தேறியபோது முத்துக்குமாரு நூற்று இருபத்தாறுக்கு இறங்கியிருந்தார். 1945இல் யுத்தம் முடிந்து அரிசி வந்தது. அவர் ஏறிய வேகத்தில் நூற்று நாற்பத்தேழு பவுண்டைத் தாண்டிப் போய்விட்டார். அய்யூப் கல்யாணம் செய்துகொண்டு, சொந்தக் கடை வைத்து, அலைந்து மெலிந்தார். ஒருவர் வெல்டர்வெயிட்டுக்குள் வந்தால் மற்றவர் வெளியே. வருடந்தோறும் நோன்புப் பெருநாளுக்கு முத்துக்குமாருவும் மீனலோசனியும் கிள்ளான் போவார்கள். பிரியாணிக்கு முன்னால் கடைத் தராசில் இருவரும் ஏறிப் பார்ப்பார்கள். முத்துக்குமாரு பையைக் காலி செய்வார். "இந்த வருஷமும் தப்பிச்சிட்டீங்க, அண்ணே," என்பார் அய்யூப். சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே போனது. கடைசியாகப் போன பெருநாளில் முள் முத்துக்குமாருவுக்கு நூற்று நாற்பத்தொன்றில் நின்றது. அய்யூப்புக்கு நூற்று முப்பத்தேழு.

அய்யூப் கையைத் தட்டினார். "ஒரே கிளாஸ், அண்ணே! வாங்க பின்பக்கம்!"

"முழங்கால் நோகுது, தம்பி," என்றார் முத்துக்குமாரு, பல்செட்டை மாட்டிக்கொண்டே. "வாற பெருநாளைக்குப் பார்ப்பம்."

அந்தப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு அய்யூப் வந்தார். புறப்படும்போது மீனலோசனியிடம் சொன்னார்:

"அக்கா, மூணு ரவுண்டு நிக்குது."

"தெரியும்," என்றாள் அவள்.