கிணற்று வாளை

நீர்வேலியில் எங்கள் கிணற்றுக்குள் நுளம்பு முட்டையிட்டுப் பெருகாமல் இருக்கச் சின்ன மீன்கள் விட்டிருந்தோம். என் தம்பி வன்னிக் குளமொன்றிலிருந்து விரல் நீளத்தில் ஒரு வாளைக் குஞ்சு கொண்டுவந்தபோது, அதுவும் கிடக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் உள்ளே விட்டார். ஒரு மாரி முடியுமுன் சின்ன மீன் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு தவளைகளும் குறைந்தன.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்த வாளையைப் பற்றி எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடம்பில் செதில் கிடையாது. பகல் முழுக்க அடியில் கல் இடுக்கில் கிடக்கும். கண் சிறியது, மீசையால் தடவித்தான் இரை தேடும். பொழுதுபட மேலே வந்து வாயைப் பிளந்தால் ஒரு சிரட்டை உள்ளே போகும்.

வாழைத் தோட்டத்தால் வந்ததும் அவர் கிணற்றுக்கட்டில் தூண்டிலோடு இருந்துவிடுவார். கறிக்கல்ல. தூண்டிலில் பிடித்து, ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மட்டும் தூண்டில் கூரையில் செருகியிருக்கும். மற்ற நாளெல்லாம் மண்புழுவும் கோழிக்குடலும் போகும், மீன் வராது. நான் தேத்தண்ணியோடு போய், “கிணத்துக்குள்ளை இருக்கிற உங்கடை மருமகன் சாப்பிட்டாச்சோ?” என்று கேட்பேன். கதைத்தால் அது அடிக்குப் போய்விடும் என்று கையைக் காட்டுவார்.

ஒரு கோடையில் சேறு அள்ளுவதற்காக மெசின் போட்டுக் கிணற்றை இறைத்தார்கள். முழங்கால் தண்ணீரில் வாளை புரண்டது. உள்ளே இறங்கியிருந்த பக்கத்து வளவு அண்ணை அதைப் பிடிக்கக் குனிந்தார்.

“தொடாதேங்கோ அண்ணை,” என்றார் இவர் மேலே நின்று. “தண்ணியில்லாத இடத்திலை பிடிச்சால் அது பிடியே?”

விட்டால் அது சேற்றில் செத்துவிடும். தன் கையும் படக்கூடாது என்று நின்றவர் என்னைப் பார்த்தார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியால் இறங்கினேன். செட்டை முள் கையில் குத்தியது. அவர் உடுக்கும் சாரமொன்றை நனைத்து அதில் மீனைச் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டு ஏறிவந்து தொட்டியில் விட்டேன். ஊற்று நிறைந்ததும் திரும்பக் கிணற்றில் இறக்கியதும் நான்தான்.

அன்று சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்டார்: “என்ன பாரமிருக்கும்?”

“நீங்களே தூக்கிப் பாருங்கோவன்,” என்றேன்.

பிறகும் எத்தனையோ பின்னேரங்கள் இருந்தார். அது தூண்டிலில் ஏறவேயில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அதன் பாரத்தை இன்னொருதரம் கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால், இனி அவர் பிடிக்கப்போவதில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

“முதல்லை வீட்டை வாங்கோ,” என்றேன். “தூண்டில் ஆயத்தமாய்த்தான் கிடக்கு.”

சிரித்தார்.