மண்ணூர்பேட்டையில் ஒருவர் கேட்கிறார்

ஒலிப்புத்தகம் வாசிப்பது, எதிரில் ஆளே இல்லாத அறையில் யாரோ ஒருவரோடு மணிக்கணக்காகப் பேசுகிற வேலை. அந்த ஒருவர் எனக்கு உண்மையிலேயே இருக்கிறார் என்று ஆறு வருடங்களுக்கு முன் ஒலிப்பதிவாளர் சலீம் பாய் சொன்னார். அதை நம்பித்தான் இந்த வேலையில் நீடித்தேன். அந்த ஆறு வருடமும் அதைச் சந்தேகித்தும் வந்திருக்கிறேன். வகுப்பறையிலோ கஸ்டமர் கேரிலோ தொண்டையைத் தேய்த்துப் பிழைக்கிற உங்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

காபி கேட்டவன்

என் முதல் புத்தகம் ஒரு துப்பறியும் நாவல். சலீம் பாயின் ஒலிப்பதிவு அறை சென்னீர்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் அந்த வரியை மறுபடி படிக்க வேண்டும். அதனால் நூம்பலில் இருக்கும் என் வீட்டிலேயே நாவலை இரண்டு முறை முழுக்கப் படித்து, யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போனேன். பொறுப்பான ஆள் என்று எனக்கே ஒரு எண்ணம்.

புத்தகம் வெளிவந்ததும் மேல் வீட்டு ஐ.டி. பெண் திவ்யா லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். கொலைகாரன் மூன்றாம் அத்தியாயத்தில் வந்து ஒரு காபி கேட்கிறான், அவ்வளவுதான். எழுதியவர் அவனைக் கடைசிப் பக்கம்வரை மறைத்து வைத்திருந்தார். திவ்யா சொன்னாள்: “அவன் காபி கேட்டப்பவே உங்களுக்கு அவனைப் பிடிக்கலை அங்கிள். எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.”

ஒன்றே முக்கால்

திவ்யாவின் கணவர் கம்பெனி பஸ்ஸில் போகும்போது என் வாசிப்பைக் கேட்பார், ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில். ஒரு மரணத்துக்குப் பின் மூன்று நொடி மௌனம் விட்டிருந்தேன். அது அவர் காதுக்கு ஒரு விக்கல் அளவுதான் எட்டியிருக்கும். இது தெரியாமல் ஒருநாள் வாசல் கேட் அருகே அவரை நிறுத்தி, சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். கவலையோடு என்னைப் பார்த்தார். “என்ன சார், உடம்பு முடியலையா? பேச்சு ரொம்ப இழுக்குதே!”

நானே அழுதது

அடுத்தது ஒரு குடும்ப நாவல். தாய் இறக்கும் இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றேன். உணர்ச்சியோடு படித்ததாக இரண்டு வாரம் மிதப்பில் இருந்தேன்.

பிறகு அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மாள் பதிப்பகத்துக்கு அனுப்பிய குரல் செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கோபமே இல்லாத குரல். “எங்கம்மா போனதுலேருந்து எனக்கு அழுகையே வரலை சார். அழணும்னுதான் அந்தப் பகுதியைப் போட்டேன். நீங்க அழுதுட்டீங்க. கடைசில உங்களைத்தான் தேத்தணும்போல ஆயிடுச்சு.”

பட்டறை அண்ணன்

இனி வரமாட்டேன் என்று சலீம் பாயிடம் சொன்னது அன்றுதான். கேட்பவருக்கும் கதைக்கும் நடுவில் நான் எதற்கு நிற்கிறேன் என்று அவரிடமே கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“மண்ணூர்பேட்டையில ஒரு லேத் பட்டறை சார். அங்க ஒரு அண்ணன் சாப்பாட்டு நேரத்துல மிஷினை நிறுத்திட்டு உங்களைத்தான் கேட்பாரு. போன வாரம் என்னா சொன்னாரு தெரியுமா? ‘இந்தாளு படிக்கிறாப்ல தெரில பாய், பக்கத்துல குந்திகினு சொல்றாப்ல கீது’ன்னாரு.”

கலாவின் ரகசியம்

மறுநாளே போனேன். அந்த அண்ணனுக்காக மட்டும் படித்தேன். சாப்பிடுகிறவர் முன்னால் கத்த முடியாது, அழவும் முடியாது. குரல் தானாக இறங்கியது, புகார்களும் குறைந்தன. ஆனால் அவர் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சலீம் பாய் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். என்னை இருத்தி வைக்க அவரே இட்டுக்கட்டிய ஆளோ?

ஆவடியிலிருந்து வந்து வாசிக்கும் கலா மேடத்திடம் போன மாதம் கீழ்க்கடையில் டீ குடிக்கும்போது, எப்படி இவ்வளவு நிதானமாகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். எனக்குன்னே ஒருத்தர் கேட்கறாரு. மண்ணூர்பேட்டையில லேத் பட்டறை. சாப்பாட்டு நேரத்துல மிஷினை நிறுத்திடுவாராம்.”

கேட்டே விட்டேன்

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறினேன். அப்படி ஒருவர் இல்லை என்றால், ஆறு வருடமும் சத்தத்தை உறிஞ்சச் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சுக்குத்தான் படித்திருக்கிறேன். மறுபடி அந்த மைக் முன்னால் உட்கார என்னால் முடியாது. சலீம் பாய் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், மூஞ்சே சரியில்லையே? கேளுங்க.”

ஆறு வருடச் சந்தேகத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்ளப் போனவன், வாயைத் திறந்து கேட்டது இவ்வளவுதான்: “பாய், போன புத்தகத்தோட பின்பாதியைக் கொஞ்சம் வேகமாப் படிச்சுட்டேன், அண்ணன் ஏதாவது சொன்னாரா?”