ஞானமுத்து திறக்காத பாட்டில்

அல்லிநகரம் பைபாஸ் ஓரத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த ஞானமுத்து போன புதன்கிழமை காலை இறந்துபோனார். ஷட்டரைத் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். போன் வந்தபோது நான் கடையில் ஏலக்காய் மாதிரியைத் தட்டில் கொட்டி நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு கையிலேயே நின்றது.

அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். என்னைப் பற்றி அவருக்கு ஒரு விஷயம் தெரியும். அது வெளியே வந்தால் தேனி பஜாரில் என் கடைப் பெயர் அன்றோடு முடிந்தது. ஒன்பது வருடமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போவதற்கு முன்னால் சொல்லிவிட்டாரோ? துக்க வீட்டுக்குச் செருப்பு மாட்டும்போது என் மண்டைக்குள் ஓடியது இதுதான்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு டாக்ஸிக்காரர், வண்டி கொதித்து நின்ற வேகத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருக ஆரம்பித்தார். ஞானமுத்து பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். பாதி திருகிய மூடி தெறித்து, வெந்நீர் முழுக்க இவர் முழங்கையில். தோல் வழன்று தொங்குகிறது, இவர் டாக்ஸிக்காரரைத் திட்டுகிறார்: "ஏலே, அது ஒம் பொண்டாட்டி வச்ச ரசமா? ஆறட்டும்டா! ஆறுன வண்டிதான் உண்மையைச் சொல்லும்." அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

இனி என் கதை. போடியிலிருந்து பஸ்ஸில் மடியில் மூட்டையோடு மிளகு கொண்டுவந்து விற்று, இந்தக் கடையைப் பிடித்தவன் நான். ஏலக்காய் வாங்க மலைக்குப் போகும்போது, அங்கே உள்ள எஸ்டேட் கடைகளுக்கு என் கடை மஞ்சள் தூள் பொட்டலங்களைக் காரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன். ஒரு நாள் போடிமெட்டுக்கு ஏறும்போது ரேடியேட்டர் சொட்ட ஆரம்பித்தது. அந்த மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. வண்டியை ஆறவிட்டு, ரேடியேட்டரில் இரண்டு கை மஞ்சள் தூளைப் போட்டால், தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். டிக்கியில் மூட்டை மஞ்சள் இருக்கும்போது எனக்கென்ன கவலை? போட்டேன். சொட்டு நின்றது. வியாபாரி மூளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, மனைவியோடு அதே மலையிலிருந்து இறங்கும்போது சூடு காட்டும் முள் மேலே போனது. ஏ.சி.யை நிறுத்தினேன். முள் நிற்கவில்லை. பனிமூட்டம், முன்னால் வளைவு தெரியவில்லை, பின்னால் லாரி ஹாரன். முள் சிவப்பைத் தொட்டதும் பானெட்டின் இரண்டு பக்கமும் புகை. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஓரம்கட்டி நின்ற இடத்தில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெள்ளை வரும்.

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து இறங்கினோம். பெரிய ஒர்க் ஷாப் ஒன்றில், ரேடியேட்டரோடு சேர்ந்த கூலன்ட் தண்ணீர் டப்பாவைப் பார்த்தார்கள். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகக் கூழ். "ஆயில் கலந்துருச்சு, ஹெட் கேஸ்கட் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் தகடுதான் அந்த கேஸ்கட்; அது போனால் பெருஞ்செலவு. மறுநாள் காலை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஞானமுத்துவிடம் போனேன். மஞ்சள் போட்டதைச் சொல்லவில்லை. மசாலா வியாபாரி வண்டிக்கு மஞ்சள் போட்டான் என்று பஜார் சிரிக்கும் என்ற வெட்கம்.

அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் வரும் பால் மாதிரி வெளுப்பு இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியைப் பார்த்தார். சுத்தம். டப்பாக் கூழில் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் விட்டார். எண்ணெய்ப் படலம் மிதக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே வண்டியை ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று குனிந்து நின்றார். வரவில்லை.

"அண்ணே, கேஸ்கட் நல்லா இருக்கு. எஞ்சினைத் தொட வேணாம்."

எனக்கு உயிர் வந்தது. அவர் கூழை இரண்டு விரலால் நசுக்கி மோந்து பார்த்தார்.

"மஞ்சப்பொடி போட்டீகளா?"

"அது... ஒரு அவசரத்துக்கு..."

"அதுல தப்பில்லண்ணே. மஞ்சப்பொடி போட்ட வண்டி எத்தனையோ பாத்துட்டேன். அடியில மண்ணு மாதிரி தங்கும், கழுவுனாப் போயிரும். இது பசையால்ல நிக்குது? அதே பொடி வண்டியில இருக்கா?"

அந்த இடத்தில் நான் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். டிக்கியில் மீந்த மூட்டை தெரிகிறதே, எப்படிச் சொல்வது? ஞானமுத்து எதிரே இருந்த நாட்டுமருந்துக் கடையில் ஒரு மஞ்சள் கிழங்கு வாங்கிவந்தார். பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் பொடித்தார். டீ போடும் அடுப்பில் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொதித்தது. ஒன்றில் கிழங்குப் பொடி, மற்றதில் என் பொட்டலம். ஆறவைத்தார். கிழங்குப் பொடி அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்தது. என் டம்ளரில் விட்ட ஸ்பூன் சாயாமல் நட்டுக்கொண்டு நின்றது.

"மாவுண்ணே," என்றார். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். வெளியூர் மில் ஒன்று வழக்கத்தைவிட மலிவாகத் தூள் தந்தது. எப்படிக் கட்டுபடியாகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்றுதான் கேட்கவில்லை.

"ஞானம், இது வெளிய தெரிஞ்சா நான் கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்யா."

"எம் மகளுக்குச் சளி புடிச்சா பால்ல போட்டுக் குடுக்குறது ஒங்க கடை மஞ்சள்தாண்ணே," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். டப்பாவிலிருந்த கூழை ஒரு கண்ணாடி பாட்டிலில் வழித்து, மூடியை இறுக்கி, அலமாரியில் வைத்தார். பிறகு எங்களுக்குள் பேசி முடித்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன்பின் ஒன்பது வருடம் நான் அந்தப் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அலமாரியைத்தான் பார்ப்பேன். ஒருமுறை என் பக்கத்துக் கடைக்காரர், எனக்குத் தொழில் போட்டி, அங்கே உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, அதென்ன பாட்டில்ல கஷாயம்?" என்று எட்டி எடுக்கப் போனார். நான் பாதி எழுந்துவிட்டேன்.

ஞானமுத்து வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. "எங்க மாமியா வச்ச கொழம்புண்ணே. தின்னுட்டு நான் ஒருத்தந்தான் பொழச்சேன். ஒங்களுக்கு ஆச இருந்தா ஊத்திக்கங்க."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞானமுத்து என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது: "டப்பா பொய் சொல்லாதுண்ணே. வண்டிக்காரகதான் சொல்வாக."

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரெபேக்கா, செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை என் கையில் வைத்தார்.

"பட்டறையைக் காலி பண்றாப்ல ஆச்சுன்னா இதை ஒங்ககிட்டக் குடுக்கணும்னு சொல்லியிருந்தாக."

பிரிக்காமலே கேட்டேன்: "வேற என்னம்மா சொன்னாரு?"

"என்னாங்க இதுன்னு கேட்டேன். 'அண்ணன் வண்டிக்கு வந்த சீக்கு, சரியாப் போச்சு'ன்னாக. அம்புட்டுத்தாண்ணே."

வீட்டுக்கு வரும் வழியில் என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. நேற்று ஒரு தரகர் கடைக்கு வந்து மஞ்சள் தூளுக்கு, அந்த மில் மாதிரியே ஒரு மலிவு விலை சொன்னார். வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த நிமிடத்தில்தான் உறைத்தது: ஒன்பது வருடம் நான் ஒழுங்காக இருந்தது என் நல்ல மனதால் இல்லை, அல்லிநகரத்தில் ஓர் அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்ததால். இப்போது அது என் கையில். பயப்பட ஆள் இல்லாமல் போனதுதான் இன்றைக்கு எனக்குப் பெரிய பயம். தரகரை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இனி இது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞானமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பாட்டில்தான். என் கடைத் தராசுக்குப் பக்கத்தில், வாங்க வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். அன்று நாங்கள் பேசி முடித்தது இவ்வளவுதான்: ரேடியேட்டர் கழுவ, டப்பா மாற்ற ஆயிரத்து எண்ணூறு ரூபாய், பேரம் கூடாது. மலைக் கடைகளில் போட்ட பொட்டலங்களை ஒன்று விடாமல் திரும்ப எடுக்க வேண்டும். அன்றிலிருந்து மஞ்சளைக் கிழங்காகவே விற்க வேண்டும். தூள் கேட்டால், கேட்டவர் பார்க்க அரைத்துக் கொடுக்க வேண்டும். நான் அப்படி நடக்கும் வரை அவர் பாட்டிலைத் திறக்க மாட்டார்.