பெஞ்சைப் பார்க்கிறவர்

மற்றவர்கள் எல்லோரும் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டிக்கொண்டிருக்க, கோச்சம்மா மட்டும் ஓரத்துப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டி எங்கே நடந்தாலும் இதே கதைதான். பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிடப்பட்ட பெண் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளா, இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே ஆடுகிறவளுக்குக் குரல் கொடுக்கிறாளா? அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். “கூடை போட நான் சொல்லித் தருவேன். குணத்தை யாரு சொல்லித் தர்றது?” என்பார்.

பெண்கள் கல்லூரி ஒன்றின் அணிக்கு ஆள் சேர்ப்பதும் அவரே, ஆட்டம் கற்றுத் தருவதும் அவரே. உயரம் என்று பார்த்தால் தன் பெண்களின் தோளுக்குத்தான் வருவார். குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “வாங்க மகாராணி, மெதுவா வாங்க, பந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு” என்றாரென்றால், அன்றைக்கு அந்த மகாராணிக்கு ஓடி ஓடியே கால் கழன்றுவிடும். ஆனால் ஆட்டக்களத்தைத் துடைக்கிற அம்மாளைப் பார்த்தால் அப்படியே குழைந்துவிடுவார். “நீங்க துடைச்ச தரையிலதான் எம்புள்ளைங்க வழுக்காம ஓடுதுங்க.” இதைத் தினமும் சொல்வார், கேட்கிறவருக்கும் அலுப்பதில்லை.

ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டால் நேரே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ‘பூனை’யைத் தேடியும் அப்படித்தான் போனார். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிற பெண் என்பதால் தோழிகள் வைத்த பெயர் அது. அவளுடைய அம்மா இஸ்திரி கடை வைத்திருக்கிறார். துணி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, “இவளா மேடம்? தட்டுல வச்சதைக்கூடப் பக்கத்துல தள்ளி விட்டுடுவா. தனக்குன்னு எதையும் எடுத்துக்கவே தெரியாது. இவ எப்படித்தான் பொழைக்கப்போறாளோ” என்றார்.

கோச்சம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “இப்படி ஒருத்தியைத்தாம்மா நான் தேடிக்கிட்டிருக்கேன்! எங்கிட்ட விடுங்க.”

அப்படித் தேடித் தேடிச் சேர்த்ததன் பலனை இந்த வருடம் கண்ணாரக் கண்டார். எல்லாரும் தங்கமான பெண்கள். பந்து கைக்கு வந்தால் ஒருத்தி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அவள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை ‘நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ’ என்று நகர்த்துகிற மாதிரிதான். வளையத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுகூட ஒருத்தியும் எறிய மாட்டாள். ஆரம்ப ஆட்டங்கள் எல்லாம் கையை விட்டுப் போயின. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, “அரையிறுதிக்காவது வரலைன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து விளையாட்டு சீட்டே கிடையாது மேடம்” என்று சொல்லிவிட்டார். சீட் போனால், இனி எந்த வீட்டு வாசலில் போய் நின்று எந்தப் பெண்ணைக் கேட்பது? கோச்சம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எறிய வேண்டிய இடத்தில் பாஸ் கொடுப்பவள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று முதலில் ஒரு சட்டம் போட்டார். பூனை முகம் சுளிக்காமல் ஓடினாள். பாவம், தனியாக ஓடுகிறாளே என்று மற்றவர்களும் கூடவே ஓடினார்கள். தலையில் அடித்துக்கொண்ட கோச்சம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் சட்டத்தைத் திருப்பிப் போட்டார். பாஸ் கொடுத்தவள் ஜம்மென்று நாற்காலியில் உட்காரலாம். மற்றவர்கள்தான் ஓட வேண்டும்.

பூனை உட்கார்ந்து பார்த்தாள். தோழிகளுக்கு நாக்குத் தள்ளியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“போதும் மிஸ், அவங்களை நிறுத்தச் சொல்லுங்க. நான் எறியறேன்.”

“எறிஞ்சு எங்களைக் காப்பாத்துடி!” என்று ஓடிக்கொண்டே கத்தினாள் அணியிலேயே உயரமான நெட்டச்சி. அன்றிலிருந்து எறிந்தார்கள், ஜெயிக்கவும் ஆரம்பித்தார்கள். “பெத்து, வளர்த்து, நல்ல மனசையும் குடுத்து அனுப்பிட்டாங்க அம்மாமாருங்க. எனக்கு மிச்சம் வச்ச வேலை இத்துணூண்டு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் கோச்சம்மா.

கடைசி லீக் ஆட்டத்தை ஜெயித்தால் அரையிறுதி. முடியப்போகிற நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து பூனையிடம் வந்தது. இரண்டு பக்கமும் தோழிகள் நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை; எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. ஆனால் அவள் கையிலிருந்து அது கிளம்பும்போதே மற்ற நால்வரும் பாய்ந்திருந்தார்கள். அடுத்தவள் தவறவிட்டதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிற பெண்கள் அல்லவா? நெட்டச்சி எட்டிப் பிடித்து உள்ளே போட, முடிவு விசில் ஒலித்தது.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த பூனையின் அம்மா சங்கடத்தோடு படியிறங்கி வந்தார்.

“எம்பொண்ணு போட்டது உள்ள போகலையே மேடம்.”

 இஸ்திரிச் சூடு பட்டுக் காய்த்துப்போயிருந்த அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் கோச்சம்மா பிடித்து எடுத்து, தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.