டி டிரைவில் தங்கிவிட்ட கல்யாணம்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு புரோகிராம் கிளம்ப மறுத்தது. எது எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால், படங்கள் இருக்கும் இடமாக நண்பர் ஒருவரின் சொந்த லேப்டாப் விலாசம், வீட்டில் அவரைக் கூப்பிடும் செல்லப்பெயரோடு முழுசாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. சிரிக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது, சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் நான் கல்யாண சிடி செய்துகொண்டிருந்த காலம் அது. புது சிடிக் கட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அது சட்டையிலேயே ஒட்டியிருக்கும். வெறும் படத்துக்கு அப்போது மதிப்பில்லை. சிடியைப் போட்டதும் ரோஜாப்பூ விரிய வேண்டும். பூசை, தாலி, விருந்து என்று பொத்தான்கள் வரவேண்டும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு.

குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு சர்ச் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு வளைகுடாவில் துறைமுக வேலை. லீவு கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்தை அவர் பார்க்க எங்கள் சிடி ஒன்றுதான் வழி. அது எனக்கும் தெரியும்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் படம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். ‘சிடிக்குள் பக்கத்திலேயே பார்’ என்று எழுதியிருந்தால் சிடி எந்த ஊருக்குப் போனாலும் படம் கிடைத்திருக்கும். நானோ என் கம்ப்யூட்டர் டி டிரைவின் முழு விலாசத்தை எழுதினேன். என் மெஷினில் அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன, அசல் படம் அங்கேதானே கிடக்கிறது! முதலாளி அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார்.

“இங்கன ஓடுதுல்லா? பொறவென்ன, உறையில போடுலே.”

கொஞ்ச நாளில் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். கூட வேலை செய்பவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து சிடியைப் போட்டிருக்கிறார்.

“தம்பி, பூ நல்லா விரியுது. பொறவு எதை அமுக்குனாலும் படத்தைக் காணலைன்னு ஒரு கட்டம் வருது. அதுல இங்கிலீசு எழுத்துல ‘அழுமூஞ்சி’ன்னு போட்டிருக்கே, அது என்னப்பா?”

அது அந்தக் கல்யாணப் படங்களை நான் போட்டுவைத்த ஃபோல்டரின் பெயர். சர்ச் பூசை தொடங்கி விருந்து முடியும்வரை அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். வெட்டி ஒட்ட ஒரு நல்ல முகம் சிக்கவில்லையே என்ற எரிச்சலில் வைத்த பெயர். என் கண்ணுக்கு மட்டும் என்று வைத்தது, விலாசத்தோடு சேர்ந்து கடல் தாண்டிப் போய்விட்டது.

“அது... புரோகிராம் பேருங்கய்யா” என்று உளறினேன்.

அவர் அதை நம்பவில்லை.

“புள்ள சிரிச்சுக்கிட்டே நின்னாள்னு வீட்டுல எல்லாரும் சொல்லுதாவ. என்னைத் தேடி அழுதாளாப்பா?”

திருத்திய சிடி அடுத்த வாரமே போனது. நன்றாக ஓடியதாகச் சொன்னார்கள். இப்போது ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. சிடி போட லேப்டாப்பில் இடமே இல்லை. அக்கரையில் இருக்கிற அப்பாக்கள் கல்யாணத்தைப் போனிலேயே நேரடியாகப் பார்க்கிறார்கள். மகள் அழுதால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவருக்குத்தான் என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. அன்று நான் ஆமாம் என்றுகூடச் சொல்லாமல், போனை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.